இன்சுலேஷன் மட்டும் போதுமா?

ஓசூரில் உட்கார்ந்து கனடா அணுமின் நிலையத்துக்கு டிசைன் போடும் நண்பரே, வெளித்தொட்டியின் நீர்மட்டக் கருவிக்குப் போகும் சிறு குழாய்க்கு இன்சுலேஷன் மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அது உறைவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். இந்த மெல்லிய குழாயில் தண்ணீர் ஓடாமல் தேங்கியே நிற்கும். முதலில் உறைவது இதுதான். உங்கள் ஊர்ப் பக்கத்துத் தளியின் மார்கழிக் குளிரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்!

உறைந்தால் டிரான்ஸ்மிட்டர், அதாவது நீர்மட்டத்தை அளந்து அனுப்பும் அந்தக் கருவி, தவறான அளவைக் காட்டும். ஒரே மட்டத்தைத் தனித்தனியாக அளக்க மூன்று சேனல் வைத்தாலும் ஒரே இரவில் மூன்றும் உறையலாம், அதுதான் பெரிய ஆபத்து. அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 1979-லேயே இதற்கென்று சுற்றறிக்கை விட்டது.

குழாயில் ஹீட் டிரேசிங் கேபிள் (மின்சாரத்தில் சூடாகும் கம்பி) சுற்றி, அதன்மேல் இன்சுலேஷன் போடுங்கள். ஒவ்வொரு சேனலின் கேபிளுக்கும் தனி சர்க்யூட், கேபிள் செத்தால் கட்டுப்பாட்டு அறையில் அலாரம். அப்புறம், வால்வுகளில் கேபிள் சுற்றாமல் விட்டுவிடாதீர்கள்.