ஒரு ஜீன் சேத்தா பாக்டீரியா ஆசிட் தயாரிச்சிடுமா?

"புது ஜீன் ஒண்ணு உள்ள போட்டா ஈ.கோலைங்கிற பாக்டீரியா சக்சினிக் ஆசிட் கொட்டிடுமா"ன்னு கேட்டிருக்கீங்க. சேக்கிறதை விட நீக்குறதுதாங்க இதுல பெரிய வேலை. ஈ.கோலை ஏற்கனவே இந்த ஆசிட்டை கொஞ்சம் தயாரிக்குது, ஆனா ஆக்சிஜன் இல்லாம குளுக்கோஸ் குடுத்தா லாக்டிக், அசிட்டிக், ஃபார்மிக், எத்தனால்னு கார்பன் பல பக்கம் சிதறிப் போயிடும், சக்சினிக்குக்கு சின்ன பங்குதான்.

சரி மத்த வழியெல்லாம் அடைச்சிடுவோம்னு லாக்டிக், ஃபார்மிக் ரெண்டுக்கும் உண்டான ஜீனை தூக்கி என்இசட்என்111னு ஒரு ஈ.கோலை ஸ்ட்ரெயின் (மாத்தின வகை) செஞ்சாங்க. ஆக்சிஜன் இல்லாம குளுக்கோஸ்ல அதால வளரவே முடியல! எனக்கு ரொம்ப பிடிச்ச எடம் இதுதான். குளுக்கோஸ் உடையும்போது எலக்ட்ரான் எல்லாம் என்ஏடிஎச்ங்கிற சுமக்குற மூலக்கூறுல ஏறிக்கும், அதை எங்கயாவது எறக்கி விட்டாதான் அடுத்த குளுக்கோஸை உடைக்க முடியும், அப்போ லாக்டிக், எத்தனால் எல்லாம் வெறும் கழிவு இல்ல, எலக்ட்ரானை எறக்குற எடம். அந்த வேலையை சக்சினிக் பாதையே செய்யலாம், ஆனா ஒரு சக்சினிக்குக்கு 2 என்ஏடிஎச் வேணும், ஒரு குளுக்கோஸ் உடைஞ்சு பைருவேட்ங்கிற இடைப் பொருளா ஆகுறப்போ மொத்தமே 2 தான் கிடைக்குது. அதனாலதான் கொஞ்சம் கார்பனை வேற பாதையில திருப்பி கூடுதல் எலக்ட்ரான் எடுத்து, கார்பன் டை ஆக்சைடும் தாராளமா குடுத்தாலும் ஒரு குளுக்கோஸுக்கு அதிகபட்சம் 1.71 சக்சினிக்னு கணக்கு வருது. ஆமா, 3 கார்பன் மூலக்கூறோட கார்பன் டை ஆக்சைடு சேந்துதான் 4 கார்பன் சக்சினிக் ஆகுது, காத்துல விட வேண்டிய வாயுவை உள்ள இழுக்குது பாருங்க!

அப்புறம் ஆசிட் சேர சேர பிஎச் எறங்கி பாக்டீரியா திணறும், காரம் ஊத்திக்கிட்டே இருக்கணும், ஊத்தினா ஆசிட் உப்பாயிடும், திரும்ப ஆசிட்டா பிரிக்கிறது தனி செலவு. அதான் புளிப்பைத் தாங்குற ஈஸ்ட்டையும் சில பேர் இதுக்கு எடுத்துக்கிறாங்க.