மார்பகப் புற்றுநோய்க்குப் பின் ஹார்மோன் மாத்திரை: வாசகியர் கேள்விகளும் பதில்களும்

ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் முடிந்து ஹார்மோன் மாத்திரையில் இருப்பவர்களிடமிருந்துதான் இம்முறை அதிகக் கடிதங்கள். எழுதும்போது மூன்று விவரங்களைக் கட்டாயம் சேருங்கள்: மாத்திரையின் பெயர், எத்தனை மாதமாகச் சாப்பிடுகிறீர்கள், கீமோவுக்கு முன் மாதவிலக்கு வந்துகொண்டிருந்ததா. இந்த மூன்றும் இல்லாத கடிதத்துக்கு உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது.

வயது 46. நாலு மாதமாக டமாக்சிஃபென். ராத்திரியில் கழுத்திலிருந்து அனல் ஏறி உடம்பெல்லாம் நனைகிறது, அப்புறம் குளிர்கிறது. தூக்கமே இல்லை. தைராய்டாக இருக்குமா?
- வாசகி, திருச்சி

நீங்கள் சொல்வது அப்பட்டமான ஹாட் ஃப்ளஷ். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை மாத்திரை தடுப்பதால் வருகிறது. தைராய்டு ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பார்த்துவிடுங்கள், தப்பில்லை. பலருக்குச் சில மாதங்களில் இது தானாகத் தணியும். அதுவரை பருத்தி உடை, படுக்கப்போகும் முன் சூடான காபியும் காரமும் தவிர்ப்பது, தலைமாட்டில் ஃபேன். தூக்கம் கெட்டு மறுநாள் வேலை கெடுகிறது என்றால் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள். குறைந்த அளவு வென்லாஃபாக்சினோ, ராத்திரி மட்டும் கேபாபென்டினோ நன்றாகக் கேட்கும். டாக்டர் சீட்டோடு வாங்க வேண்டிய மருந்துகள் இவை.

ஒரு எச்சரிக்கை. டமாக்சிஃபென் ஈரலில் ஒரு என்சைம் மூலம் மாறிய பிறகுதான் முழு வீரியத்தோடு வேலை செய்கிறது. பராக்செட்டின், ஃபுளுவாக்செட்டின் போன்ற மனச்சோர்வு மருந்துகள் அந்த என்சைமை அடக்கிவிடும். எந்த டாக்டரிடம் போனாலும் "நான் டமாக்சிஃபென் சாப்பிடுகிறேன்" என்று முதலில் சொல்லுங்கள். மெனோபாஸுக்குக் கொடுக்கும் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை உங்களுக்குக் கூடவே கூடாது. ஸ்வீடனில் இதற்காகவே நடத்திய ஆய்வை, புற்றுநோய் திரும்புவது கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள். முடிவு 2004-இல் வெளிவந்தது.

புற்றுநோய்க்கு ஒரு சின்ன வெள்ளை மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். சாப்பிட்டால் தலை சுற்றுகிறது. நிறுத்தலாமா?
- வாசகி, சேலம்

பாதி மருந்துகள் சின்ன வெள்ளை மாத்திரைகள்தான். அட்டையைத் திருப்பிப் பெயரைப் பார்த்து எழுதுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் கூட இருந்தால் அவற்றின் பெயரும் வேண்டும். அதுவரை நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். தலைச்சுற்றலோடு மயக்கம் வந்தால் பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளூர் டாக்டரைப் பாருங்கள்.

வயது 58. லெட்ரோசோல் ஆரம்பித்து ஏழு மாதம். காலையில் எழுந்தால் விரல் மடங்குவதில்லை. குக்கர் மூடியைத் திறக்க மருமகளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. வீட்டில் கேட்டால் "வயசானால் அப்படித்தான்", ஆஸ்பத்திரியில் கேட்டால் "உயிர் தப்பியதே பெரிசும்மா". ஒரு மாதமாக மாத்திரையை நிறுத்திவிட்டேன், வலி பாதியாகியிருக்கிறது. டாக்டரிடம் இன்னும் சொல்லவில்லை.
- வாசகி, விருதுநகர்

அம்மா, உங்கள் வலி நிஜம். அது வயசால் வந்ததில்லை, மாத்திரையால் வந்தது. நிறுத்தியதும் பாதியானதே அதற்குச் சாட்சி. லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல், எக்ஸிமெஸ்டேன் மூன்றுமே ஈஸ்ட்ரோஜனை அடிமட்டத்துக்குக் கொண்டுபோகிறவை. சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மூட்டு வலியோ விறைப்போ வருகிறது. ஆரம்பித்து இரண்டு மூன்று மாதத்தில் தொடங்கும். விரல், மணிக்கட்டு, முழங்கால்தான் அதிகம். எழுந்தவுடன் மோசமாக இருக்கும், நடமாட நடமாட இளகும். சிலருக்கு விரல் மடங்கிச் சிக்கிக்கொள்ளும், சிலருக்கு ராத்திரியில் கை மரத்துப்போகும்.

"உயிர் தப்பியதே பெரிசு" என்ற வாக்கியத்தைப் பல வருஷமாகக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆத்திரம்தான் மிச்சம். ஐந்து வருஷம் தினமும் சாப்பிட வேண்டிய மருந்து இது. அத்தனை நாளும் சேலையைப் பிழிய முடியாமல், எழுந்து உட்கார முடியாமல் இரு என்று எந்த நியாயத்தில் ஒரு பெண்ணிடம் சொல்கிறோம்? அப்படிச் சொன்னால் அவர் என்ன செய்வார்? வாதாட மாட்டார், தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மாத்திரையை நிறுத்துவார். அடுத்த செக்கப்பில் "ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் "ஆமாம் டாக்டர்" என்பார். நாங்களும் கேஸ் ஷீட்டில் டிக் போட்டு அனுப்பிவிடுவோம். பையைத் திறந்து காட்டச் சொன்னால் ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய அட்டைகள் பிரிக்காமல் ரப்பர் பேண்டோடு இருக்கும். இப்படி எத்தனையோ பைகளைப் பார்த்திருக்கிறேன். ஐந்து வருஷத்தை முடிக்காமல் விடுகிறவர்கள், ஆய்வைப் பொறுத்து, மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை. இதில் பெரும் பங்கு பக்கவிளைவால் விட்டவர்கள். பழியைப் பெண்கள் தலையில் போடுவது சுலபம். கேட்க வேண்டியதைக் கேட்காதவர்கள் எங்கள் பக்கம்தான் அதிகம். இப்படித் திட்டமில்லாமல் நின்றுபோன மாத்திரையால் சிலருக்கு நோய் திரும்புகிறது. அதைத் தடுத்திருக்கலாம் என்பதுதான் என் கோபம்.

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். முதல் வேலை, நிறுத்தியதை டாக்டரிடம் சொல்வது. திட்டினால் திட்டட்டும். அவர் சொல்லி இரண்டு மூன்று வாரம் இடைவெளி விட்டு, வேறு மாத்திரைக்கு மாறலாம். மூன்றும் ஒரே இனம் என்றாலும் ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வது சகஜம். எதுவுமே சரிப்படாவிட்டால் டமாக்சிஃபென் இருக்கிறது. பலன் கொஞ்சம் குறைவு என்பதற்காக ஒதுக்க வேண்டியதில்லை. சாப்பிடாத லெட்ரோசோலைவிடச் சாப்பிடுகிற டமாக்சிஃபென் எவ்வளவோ மேல்.

இரண்டாவது, நடை. வலிக்கிறவரிடம் நட என்பது கொடுமையாகத் தோன்றும். ஆனால் அமெரிக்காவில் இதே வலி உள்ள பெண்களிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் இரண்டரை மணி நேரம் வேக நடையும் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் ஒரு வருஷத்தில் வலியை ஏறக்குறைய 30 சதவீதம் குறைத்தன. பத்து நிமிஷத்தில் ஆரம்பித்து மெல்லக் கூட்டுங்கள். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து விரல்களை மடக்கி நீட்டுங்கள். வைட்டமின் டி அளவைப் பார்த்துக் குறைந்திருந்தால் ஈடுகட்ட வேண்டும். வலி மிஞ்சினால் டுலாக்செட்டின் என்ற மருந்தும், அக்குபங்சரும் ஆய்வில் ஓரளவு பலன் காட்டியவை. டுலாக்செட்டினை டமாக்சிஃபெனோடு சேர்க்கும் முன் டாக்டரைக் கேளுங்கள்.

பெயர் ஒட்டாத டப்பாவில் வரும் "மூட்டுவலிப் பொடி" மட்டும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். மாத்திரையால் ஏற்கெனவே தேயும் எலும்பை அது இன்னும் தேய்க்கும். இன்னொன்று: விறைப்பு போலில்லாமல் முதுகிலோ இடுப்பிலோ ஒரே இடத்தில், ராத்திரியிலும் விடாமல், நாளுக்கு நாள் கூடும் வலி என்றால் அதை மாத்திரையின் கணக்கில் எழுதாதீர்கள். உடனே காட்டுங்கள்.

டமாக்சிஃபென் சாப்பிடுகிறேன். ஒரு காலில் மட்டும் மூன்று நாளாக வீக்கம், கெண்டைக்கால் வலி. என்ன தைலம் தடவலாம்?
- வாசகி, வேலூர்

இது எழுதிக் கேட்கும் விஷயமே இல்லை. டமாக்சிஃபெனால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். அது நுரையீரலுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து. தைலமும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். இதைப் படிக்கும் யாருக்கு இப்படி வந்தாலும் அன்றைக்கே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுங்கள். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவு.

உளுந்தங்களி, சோயா எல்லாம் ஈஸ்ட்ரோஜனைக் கூட்டுமாமே, விட்டுவிடட்டுமா? தினம் மஞ்சள் காப்ஸ்யூலும் சதாவரி லேகியமும் எடுக்கிறேன், அது நல்லதுதானே?
- வாசகி, கும்பகோணம்

விட வேண்டியதைப் பிடித்துக்கொண்டு, விட வேண்டாததை விடப் பார்க்கிறீர்கள். உளுந்து, சோயா, எள் எல்லாம் சாப்பாட்டு அளவில் தாராளமாகச் சாப்பிடலாம். சாம்பாரில் போடும் மஞ்சளும் அப்படியே. காப்ஸ்யூல் வேறு. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் நடந்து 2019-இல் வந்த சிறிய ஆய்வில், மஞ்சளின் சத்தான குர்குமின் காப்ஸ்யூல் எடுத்த பெண்களின் ரத்தத்தில் டமாக்சிஃபெனின் வீரியப் பொருள் குறைந்தது. உடம்பில் ஏறட்டும் என்று மிளகுச் சத்தைச் சேர்த்தபோது இன்னும் அதிகமாக, நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறைந்தது. பெண்களுக்கு "ஹார்மோன் சீராகும்" என்று சொல்லி விற்கும் எந்த லேகியமும், சதாவரி உட்பட, இந்த ஐந்து வருஷம் வேண்டாம். வைத்தியர் யாராக இருந்தாலும் என்ன மாத்திரையில் இருக்கிறீர்கள் என்று சொல்லிவிட்டு வாங்குங்கள்.

வயது 55, டமாக்சிஃபென் மூன்று வருஷம். மாஸ்டர் செக்கப் ஸ்கேனில் கர்ப்பப்பை உட்சவ்வு 9 மில்லிமீட்டர் தடிப்பு. கர்ப்பப்பையையே எடுத்துவிடச் சொல்கிறார்கள். ரத்தப்போக்கு எதுவும் இல்லை.
- வாசகி, மதுரை

அவசரப்படாதீர்கள். டமாக்சிஃபென் மார்பகத்தில் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும், கர்ப்பப்பையில் ஈஸ்ட்ரோஜன் போலவே நடந்துகொள்ளும். சாப்பிடுகிறவர்களில் பலருக்கு ஸ்கேனில் தடிப்பு தெரியும், பெரும்பாலும் அதில் ஒன்றும் இருக்காது. அதனால்தான் ரத்தப்போக்கு இல்லாதவர்களுக்கு வருஷா வருஷம் ஸ்கேன் தேவையில்லை என்கிறோம். எடுத்தால் இப்படித்தான் முடியும். மாதவிலக்கு நின்றவர்களில் கர்ப்பப்பைப் புற்றுநோய் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுவது உண்மை, ஆனாலும் நூற்றில் சிலருக்குத்தான் வருகிறது, அவர்களிலும் அநேகருக்கு ரத்தப்போக்கு முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் இரண்டாவது கருத்து கேளுங்கள். சந்தேகம் என்றால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கலாம். ஸ்கேனில் வந்த ஒரு எண்ணுக்காகக் கர்ப்பப்பையைக் கொடுத்துவிடாதீர்கள். மாறாக, மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரமே காட்டுங்கள்.

ஒருநாள் மாத்திரையை மறந்துவிட்டேன். மறுநாள் இரண்டாகப் போடலாமா?
- வாசகி, ஈரோடு

வேண்டாம். வழக்கம்போல் ஒன்றே ஒன்று.

வயது 41. கீமோவில் மாதவிலக்கு நின்றதால் லெட்ரோசோல் கொடுத்தார்கள். இப்போது மறுபடி வந்திருக்கிறது. உடம்பு பழைய நிலைக்கு வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?
- வாசகி, தர்மபுரி

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். சினைப்பை விழித்துக்கொண்டால் லெட்ரோசோல் மட்டும் பயன்படாது, சினைப்பையைத் தூண்டவும் செய்யும். குழந்தைப்பேறு சிகிச்சையில் அதே மாத்திரையை அதற்காகத்தான் கொடுக்கிறார்கள். கோசெரலின் போன்ற ஊசியால் சினைப்பையை அடக்க வேண்டும், இல்லாவிட்டால் டமாக்சிஃபெனுக்கு மாற வேண்டும். அதுவரை கர்ப்பம் தரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வயது 33, டமாக்சிஃபென் இரண்டு வருஷம். குழந்தை வேண்டும் என்று ஆசை. ஐந்து வருஷம் காத்திருந்தே ஆக வேண்டுமா?
- வாசகி, கோவை

நல்ல கேள்வி, விவரமாகவும் எழுதியிருக்கிறீர்கள். 2023-இல் வெளியான பாசிட்டிவ் என்ற ஆய்வில், 42 வயதுக்கு உட்பட்ட பெண்கள் ஒன்றரை முதல் இரண்டரை வருஷம் மாத்திரை எடுத்த பிறகு, குழந்தைக்காக இரண்டு வருஷம்வரை இடைவெளி விட்டார்கள். முதல் மூன்று வருஷக் கணக்கில் நோய் திரும்புவது கூடவில்லை. நீண்டகாலக் கணக்கு இனிமேல்தான் வர வேண்டும். ஆகவே உங்கள் நோயின் நிலையைப் பார்த்து டாக்டரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். நிறுத்தி மூன்று மாதம் கழித்தே முயற்சி, பிரசவத்துக்குப் பின் மாத்திரை மறுபடி தொடரும். இடைவெளி விடாதவர்கள் ஆணுறை அல்லது காப்பர் டி பயன்படுத்துங்கள். டமாக்சிஃபென் 1960-களில் இங்கிலாந்தில் கருத்தடை மாத்திரையாகத்தான் உருவாக்கப்பட்டது. பெண்களுக்குக் கொடுத்தபோது அது கருமுட்டையைத் தூண்டியது. மாத்திரை சாப்பிடும்போது கரு உண்டானால் குழந்தைக்கு ஊனம் வரலாம்.

உறவின்போது தாங்க முடியாத எரிச்சல். கணவரிடமும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.
- பெயர், ஊர் வேண்டாம்

கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் உறுப்பு உலர்ந்துபோகும். வாரம் இரண்டு மூன்று முறை ஹார்மோன் கலக்காத ஈரப்பத ஜெல், உறவின்போது தனியாக வழுக்கும் ஜெல். இரண்டும் வேறு வேறு, இரண்டும் வேண்டும். மருந்துக் கடையில் கொடுக்கும் ஈஸ்ட்ரோஜன் க்ரீமை உங்கள் புற்றுநோய் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். கணவரை ஒருமுறை கூடவே அழைத்துப் போங்கள், டாக்டரே சொல்லட்டும்.

அனாஸ்ட்ரோசோல் எடுக்கிறேன். தினம் கேழ்வரகுக் கூழ் குடிக்கிறேன், எலும்புக்குப் போதாதா?
- வாசகி, நாகர்கோவில்

கூழ் நல்லது. நூறு கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் போல கால்சியம் உண்டு. தேவையோ ஆயிரத்துக்கு மேல். பால், தயிர், கீரையும் வேண்டும், குறைவதற்கு மாத்திரை. ஆனால் எலும்பு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது டெக்ஸா ஸ்கேனில்தான் தெரியும். மாத்திரை ஆரம்பிக்கும்போதே எடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் இப்போது எடுங்கள், அப்புறம் ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை. எலும்புத் தேய்வுக்கான ஜோலெட்ரானிக் ஆசிட் ஊசி எழுதினால், போடும் முன் சொத்தைப் பல் வேலையை முடித்துவிடுங்கள். ஊசிக்குப் பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

நான் ஆண், வயது 61. எனக்கும் மார்பகப் புற்றுநோய், டமாக்சிஃபென் கொடுத்திருக்கிறார்கள். பெண்கள் மாத்திரையைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டார்களா?
- வாசகர், ராஜபாளையம்

தவறில்லை. ஆண்களுக்கும் இதுதான் முதல் மருந்து, ஐந்து வருஷம் சாப்பிட வேண்டும். உங்களுக்கும் ஹாட் ஃப்ளஷ் வரலாம், ஆசை குறையலாம், காலில் ரத்தம் உறையலாம். வேலூர் வாசகிக்குச் சொன்னதை நீங்களும் படியுங்கள். எது தொந்தரவு செய்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். அம்மா, சகோதரி வழியில் யாருக்காவது மார்பகமோ சினைப்பையோ புற்றுநோய் இருந்ததா என்று விசாரித்து வைத்துக்கொண்டு, பரம்பரையாக வரும் புற்றுநோய் வாய்ப்பைக் காட்டும் பி.ஆர்.சி.ஏ. மரபணுப் பரிசோதனை பற்றி அடுத்த செக்கப்பில் கேளுங்கள். உங்கள் பெண்களுக்கு அது தேவைப்படலாம்.