ஐந்தாம் கியரில் ஆர்பிஎம் மட்டும் ஏறினால்

தம்பி, ஆனையிறவு நேர் ரோட்டில் ஐந்தாம் கியரில் அக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்க ஆர்பிஎம் (எஞ்சின் சுற்று வேகம்) ஏறுகிறது, வண்டியின் வேகம் ஏறவில்லை, கராஜில் கிளச்சை விடுவிக்கும் சிலேவ் சிலிண்டரை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இப்போது காசு கொடுக்காதீர்கள். உங்கள் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் அந்தச் சிலிண்டர் ஒழுகுவது வழமைதான், ஆனால் ஒழுகினால் கிளச் பெடல் கீழே இறங்கிப் போகும், கியர் விழாமல் கரகரக்கும். உங்களுக்கு நடப்பது கிளச் வழுக்கல், அதாவது கிளச் பிளேட் இறுகப் பிடிக்காமல் வழுக்குகிறது.

உறுதிப்படுத்த, வெறும் ரோட்டில் நான்காம் கியரில் 2000 ஆர்பிஎம்மில் போய் அக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் முள் தனியாகத் துள்ளி, கருகல் மணமும் வந்தால் வேறு சோதனை தேவையில்லை. ஹான்ட்பிரேக் போட்டு, கியரில் கிளச்சை விட்டு எஞ்சின் நின்றுபோகிறதா என்று பார்க்கும் சோதனை மிச்சமிருக்கும் கிளச் பிளேட்டையும் எரித்துவிடும், எனக்குப் பிடிக்காது.

கியர்பொக்ஸ் கழற்றுவதற்கு முன் கிளச் பெடலின் மேல்பகுதியைக் கையால் அழுத்துங்கள். கொஞ்சமும் ஆட்டமில்லை என்றால் கிளச் முழுதாகப் பிடிக்காமலே ஓடுகிறது, பெடலோடு இணைந்த தள்ளுகம்பியான புஷ்ரொட்டைச் சரிசெய்தாலே போதும் என்றும் வரலாம். ஆட்டம் இருந்தால் சரி, கழற்றத்தான் வேண்டும். அப்போது எஞ்சின் பின் சீலில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று நீங்களே நின்று பாருங்கள், இருந்தால் புதுப் பிளேட்டும் நனைந்து வழுக்கும். கிளச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பெயாரிங் மூன்றையும் ஒன்றாகவே மாற்றுங்கள், கூலி ஒரே கூலிதான்.