தூண்டில் சங்கம்: கேட்டதும் சொன்னதும்

தூண்டில்காரர் சங்கம் ஒன்றில் பல வருடமாகச் செயலாளர் வேலை பார்க்கிறேன். சங்கத்தில் என்னதான் நடக்கிறது, ஊருக்கு அதனால் என்ன பயன், யார் யார் சேரலாம் என்று கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். சிலவற்றுக்கு நீளமாகப் பதில் வரும், சிலவற்றுக்கு இரண்டு வரிதான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: அண்ணா, ஒரு ராடும் ரீலும் இருந்தா நானே போய்ப் பிடிச்சுக்குவேன். இதுக்கு எதுக்கு ஒரு சங்கம், அதுக்கு ஒரு சந்தா?

பிடிப்பதற்கு மட்டும் என்றால் தேவையே இல்லை தம்பி. எங்கள் நாட்காட்டியில் போட்டி நடக்கும் நாட்கள் கொஞ்சம்தான். மற்ற நாட்களில் முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுப்பது, கரையைச் சுத்தம் செய்வது, தண்ணீரைச் சோதிப்பது, மனு எழுதுவது, எழுதிய மனு எந்த மேசையில் தூங்குகிறது என்று விசாரிப்பது.

அறுந்த தூண்டில் நரம்பை எடுத்துக்கொள்ளுங்கள். தங்கூஸ் நரம்பு மட்காது, தண்ணீருக்குள் கண்ணுக்கும் தெரியாது. நீர்க்காகத்தின் இறக்கையிலோ கொக்கின் காலிலோ சுற்றிக்கொண்டால், பறவை உதற உதற முடிச்சு இறுகி, கால் அழுகிப் போகும். அதைப் போட்டது நாம்தான், வேறு யாரும் இல்லை. அதனால் பல நாடுகளில் சங்கங்கள் கரையோரம் பிவிசி குழாயை நிறுத்தி, மேல்முனையில் வளைவு மூட்டு மாட்டி, ‘அறுந்த நரம்பு மட்டும்’ என்று எழுதி வைக்கின்றன. வளைவு இருப்பதால் மழை உள்ளே விழாது, காற்றில் நரம்பு வெளியே பறக்காது. குழாயை நிறுத்துவது ஒரு காலை வேலை. அதை வாராவாரம் யார் காலி செய்வது என்பதில்தான் சங்கத்தின் யோக்கியதை தெரியும். தனி ஆளால் குழாயை நட முடியும். காலி செய்ய முறை வைத்து ஆள் வேண்டும். சந்தா அதற்குத்தான்.

கேள்வி: என் பெண்ணுக்கு ஒன்பது வயது. சேர்க்கச் சொல்லி அடம்பிடிக்கிறாள். தூண்டில் முள் குத்திவிடுமோ, தண்ணீரில் விழுந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது.

பயப்படுவதில் தப்பே இல்லை அம்மா. சங்கத்தில் சேர்க்கும் முன் நீங்களே ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். குழந்தைகளை நேராகத் தண்ணீர்க் கரைக்குக் கூட்டிப்போனால் அந்தச் சங்கம் வேண்டாம். முதலில் மைதானத்தில், முள் இல்லாமல், வெறும் எடை மட்டும் கட்டி வீசிப் பழக்க வேண்டும். முள் குத்துவது பெரும்பாலும் வீசுவதற்காக ராடைப் பின்னால் கொண்டுபோகும்போதுதான். ‘பின்னாடி பார்த்துட்டுத்தான் வீசணும்’ என்பது கைப்பழக்கமாக வேண்டும். தொப்பியும் கண்ணாடியும் அழகுக்கு அல்ல, கண்ணைக் காப்பாற்ற. நீந்தத் தெரிந்தாலும் மிதவை அங்கி கட்டாயம்.

இன்னும் இரண்டு விஷயம் கவனியுங்கள். எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இருவராவது இருக்க வேண்டும். இதைக் கேட்டால் முகம் சுளிக்கும் சங்கத்தில் சேர்க்காதீர்கள். இரண்டாவது, மேலே மின்கம்பி போகிறதா என்று பாருங்கள். இப்போதைய ராடுகள் கார்பன் இழையில் வருகின்றன. கார்பனில் மின்சாரம் பாயும். கம்பியைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே தாவும். 30 மீட்டராவது தள்ளி நிற்கச் சொல்வது பல இடங்களில் விதி.

மற்றபடி, முதல் நாளே பெரிய மீன் வேண்டாம். விரல் நீளக் கெண்டை ஒன்று தக்கையை அமுக்கினால் போதும், அப்புறம் வீட்டுக்குக் கூப்பிடுவதுதான் உங்களுக்குச் சிரமம்.

கேள்வி: பிடித்துவிட்டுத் திரும்ப விடுகிறோம் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். வாயைக் கிழித்துவிட்டுத் தண்ணீரில் போடுவது கருணையா?

கருணை என்று நான் சொல்லமாட்டேன். நீந்திப் போன மீன் எல்லாம் பிழைத்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். சில மீன்கள் மணிக்கணக்கில் கழித்துச் சாகும், நாம் அதைப் பார்ப்பதில்லை. ஆனால் எவ்வளவு பிழைக்கும் என்பது பெரும்பாலும் பிடித்தவர் கையில் இருக்கிறது. சங்கங்கள் இதைச் சொல்லிக்கொடுப்பது அதனால்தான்.

தூண்டில் முள்ளின் நுனிக்குக் கீழே எதிர்ப்பக்கமாக ஒரு சின்னக் கூர் நிற்கும். அதைக் குறடால் நசுக்கிவிட்டால் முள் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். கையை நனைக்காமல் மீனைத் தொடாதீர்கள். உடம்பில் இருக்கும் வழவழப்புதான் அதற்குப் பூஞ்சையையும் கிருமியையும் தடுக்கும் கவசம். உலர்ந்த கையோ துண்டோ பட்டால் அது உரிந்து வந்துவிடும். பெரிய மீனைத் தாடையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடக் கூடாது. வயிற்றுக்கு அடியில் ஒரு கை கொடுத்துக் கிடையாகப் பிடியுங்கள். செவுளுக்குள் விரல் போகவே கூடாது. முள்ளை விழுங்கிவிட்டதா? நோண்ட வேண்டாம், நரம்பை வாயோரம் வெட்டிவிட்டால் பிழைக்க வாய்ப்பு அதிகம். மீனைத் தூக்கும்போது நீங்களும் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூச்சு முட்டும்போது புகைப்படம் முடிந்திருக்க வேண்டும்.

வெயில் கொளுத்தும் நாட்களில் தூண்டிலை மடித்துவைப்பது நல்லது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்த ஆக்சிஜன் குறையும், இழுபறியில் களைத்த மீனால் மீள முடியாது. ஆழ்கடலில் பிடித்தால் வேறு சிக்கல்: மேலே வரும்போது காற்றுப்பை உப்பிவிடும், விட்டாலும் கீழே இறங்க முடியாமல் மிதக்கும். எடை கட்டிய கருவியால் ஆழத்துக்கு இறக்கி விட வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், பொழுதுபோக்குக்காக மீனைத் தொந்தரவு செய்வதே தவறு என்று நீங்கள் நினைத்தால் அதை மதிக்கிறேன். எங்கள் கரை சுத்தம் செய்யும் வேலைக்கு வாருங்கள், தூண்டில் பிடிக்கவே வேண்டாம்.

கேள்வி: புதிதாகச் சங்கம் ஆரம்பித்திருக்கிறோம் சார். முதல் நிகழ்ச்சியாக ஏரியில் மீன்குஞ்சு விடலாம் என்று திட்டம். சிறப்பு விருந்தினர்கூட ஏற்பாடாகிவிட்டார். எந்த ரகம் விடலாம்?

விருந்தினரை வைத்து வேறு ஏதாவது செய்யுங்கள். மீன் விடுவதுபோல் புகைப்படத்துக்கு அழகான வேலை எதுவும் இல்லை, அதுபோல் திரும்பப் பெற முடியாத வேலையும் இல்லை.

காவிரியில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே மட்டும் வாழ்வது திமில் மஹசீர். 50 கிலோவுக்கு மேல் வளரும், உலகத் தூண்டில்காரர்கள் தேடி வந்த மீன். அணைகள், வெடி வைத்துப் பிடிப்பது, மணல் அள்ளுவது என்று அதற்குப் பல எதிரிகள். இதற்கு நடுவில் 1970களிலிருந்து பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மஹசீர் குஞ்சுகள் ஆற்றில் விடப்பட்டன, நல்ல எண்ணத்தோடுதான். காலப்போக்கில் வந்த மீன் பெருகியது, சொந்த மீன் அருகியது. இதில் வேடிக்கை, அந்தத் திமில் மீனுக்கு முறையான அறிவியல் பெயர் உறுதியானதே 2018இல்தான். அதே ஆண்டு அது மிக அபாய நிலையில் இருக்கும் இனம் என்று சர்வதேச சிவப்புப் பட்டியலில் ஏறியது. இந்த இறக்கத்தை ஆய்வாளர்கள் எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? தூண்டில்காரர்கள் எழுதிவைத்திருந்த பிடிப்புக் கணக்கை வைத்து.

ஆகவே, மீன்வளத் துறையின் அனுமதியும் அந்த நீர்நிலைக்கே உரிய இனம் எது என்ற தெளிவும் இல்லாமல் ஒரு குஞ்சுகூட விடாதீர்கள். மீன் குறைந்தால் முதலில் ஏன் குறைந்தது என்று பாருங்கள். சினை மீன் போக வழி இல்லாமல் இருக்கலாம், கரையோரப் புல் அழிந்திருக்கலாம். அதைச் சரி செய்தால் மீன் தானே வரும்.

கேள்வி: நான் வலை போட்டுப் பிழைக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை ஆனா உங்க ஆளுங்க கும்பலா வந்து எங்க இடத்துல நிக்கிறாங்க. இது நியாயமா?

நியாயம் இல்லை ஐயா. உங்களுக்கு அது சோறு, எங்களுக்கு அது விடுமுறை. வரும் முன் உங்களைக் கேட்க வேண்டியது எங்கள் கடமை. வலை கிடக்கும் பக்கம் வீசக் கூடாது, பிடித்ததை விற்கக் கூடாது என்று விதியாகவே எழுதிவைக்க வேண்டும். விற்க ஆரம்பித்தால் நாங்கள் உங்கள் வயிற்றில் அடிப்பவர்கள். அந்தச் சங்கத்தின் பொறுப்பாளரை நேரில் கூப்பிட்டுப் பேசுங்கள். வெடி போடுபவனும் மருந்து கலப்பவனும் இரு தரப்புக்கும் எதிரி. அந்த விஷயத்தில் சேர்ந்து நின்றால் பலம் உங்களுக்கும் எங்களுக்கும்.

கேள்வி: நரம்பில் எடைக்காகக் கட்ட ஈயக்குண்டு பயன்படுத்தலாமா?

வேண்டாம். கரையில் தவறி விழும் சின்னக் குண்டுகளை நீர்ப்பறவைகள் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாகும். அன்னப்பறவைகள் இப்படிச் செத்ததால் பிரிட்டனில் 1987இல் சின்ன ஈயக்குண்டுகளின் விற்பனைக்கே தடை வந்தது. அதற்குப் பதில் டங்ஸ்டன், வெள்ளீயம் (டின்), எஃகு எல்லாம் கிடைக்கின்றன.

கேள்வி: எங்கள் ஏரியில் காலையில் பார்த்தால் மீன்கள் செத்து மிதக்கின்றன. விஷமா, வெயிலா? சங்கம் என்ன செய்ய முடியும்?

எப்போது, எந்த மீன் என்பதை முதலில் பாருங்கள். பாசி அடர்ந்த நீரில் இரவெல்லாம் ஆக்சிஜன் செலவாகி, விடியும் நேரத்தில்தான் மிகக் குறைவாக இருக்கும். அப்போது மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பெரிய மீன்தான் முதலில் சாகும். அதுவே நேரம் காலம் இல்லாமல், சிறிது பெரிது என்ற பேதம் இல்லாமல், இறால் நத்தையோடு சேர்த்துச் செத்தால் கழிவையோ மருந்தையோ சந்தேகிக்க வேண்டும். இது முதல் ஊகம்தான், தீர்ப்பு அல்ல. சோதனைக்கூடம் சொல்ல வேண்டும்.

அதற்கு மாதிரி வேண்டும். சுத்தமான பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, காற்று இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். ஒன்று மீன் செத்த இடத்தில், இன்னொன்று அதற்கு மேல்பகுதியில், தண்ணீர் வந்து சேரும் பக்கம். தேதி, நேரம், இடம் எழுதி ஒட்டிப் பனிக்கட்டியில் வையுங்கள். செவுள் இன்னும் சிவப்பாக இருக்கும் மீன் ஒன்றிரண்டையும் அப்படியே வையுங்கள், உறைய வைக்க வேண்டாம். அடையாளம் தெரியும்படி மரமோ மதகோ பின்னால் இருக்கப் படம் எடுங்கள். மீன்வளத் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் அன்றே எழுத்தில் தகவல் போக வேண்டும். மறுநாள் தண்ணீர் தடயத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். செத்த மீனை யாரும் தின்ன வேண்டாம், கால்நடைக்கும் போட வேண்டாம்.

கேள்வி: மனு கொடுத்தால் யார் சார் மதிக்கிறார்கள்? பத்துப் பேர் சேர்ந்த சங்கத்தால் ஒரு ஆலையை என்ன செய்துவிட முடியும்?

இங்கிலாந்தில் டெர்வென்ட் ஆற்றில் மீன்பிடி உரிமை வைத்திருந்த ‘பிரைட் ஆஃப் டெர்பி’ என்ற உள்ளூர் தூண்டில் சங்கம் 1950களின் தொடக்கத்தில் மூன்று பேர் மேல் வழக்குப் போட்டது. ஒன்று கழிவு விட்ட செயற்கைப்பட்டு நிறுவனம், இரண்டாவது சாக்கடை விட்ட நகராட்சி, மூன்றாவது சூடான நீர் விட்ட அரசு மின்வாரியம். சங்கம் ஜெயித்தது. மேல்முறையீட்டிலும் நிலைத்தது. பணத்தை வாங்கிக்கொண்டு போ என்று சொல்லாமல், கழிவு விடுவதையே நிறுத்தச் சொல்லித் தடை உத்தரவு கொடுத்தார்கள். பின்னால் துணை நின்றது, 1948இல் ஜான் ஈஸ்ட்வுட் என்ற வழக்கறிஞர் தொடங்கிய தூண்டில்காரர் கூட்டமைப்பு. இன்றும் சட்டக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கும் வழக்கு அது. எல்லா ஊரிலும் இப்படி முடியும் என்று ஆசை காட்டமாட்டேன். ஆனால் நீதிமன்றம் கேட்பது ஆதாரம், ஆள் எண்ணிக்கை அல்ல.

கேள்வி: என் தம்பி சக்கர நாற்காலியில் இருக்கிறான். அவனால் கலந்துகொள்ள முடியுமா?

தாராளமாக. தேவை ஒரு சமமான பாதை, சக்கரம் நழுவாமல் விளிம்பில் தடுப்புக்கட்டை வைத்த மேடை, உட்கார்ந்தபடி வீச ஏதுவாகத் தாழ்ந்த கைப்பிடி, நாற்காலியைத் திருப்ப ஒன்றரை மீட்டர் இடம். கட்டும் முன் உங்கள் தம்பியையே கூட்டிப்போய்க் கேட்கச் சொல்லுங்கள். கட்டி முடித்தபின் கேட்பது பெரும்பாலான சங்கங்களின் வழக்கம்!

நோயிலிருந்து மீள்பவர்களுக்கும் இது உதவுகிறது. அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய ஓர் அமைப்பு மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களுக்கு ஈத்தூண்டில், அதாவது ஈ போன்ற செயற்கை இரை கட்டிய தூண்டில், வீசக் கற்றுக்கொடுக்கிறது. அந்த மென்மையான கையசைவு, அறுவைக்குப் பின் கைக்குச் சொல்லப்படும் பயிற்சியோடு ஒத்துப்போகிறது.

கேள்வி: போட்டியில் ஏமாற்று வேலை நடக்கிறதாமே?

பரிசு பெரிதானால் நடக்கும். 2022இல் அமெரிக்காவின் ஈரி ஏரிப் போட்டி ஒன்றில் ஜெயித்த மீன்களின் வயிற்றை அறுத்தபோது, எடையைக் கூட்டத் திணித்த ஈயக்குண்டுகள் விழுந்தன. இருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்கும் போனார்கள். பரிசைச் சின்னதாக வையுங்கள். எடைக்குப் பதில், அன்று காலை கொடுத்த அடையாள வில்லையோடு மீனை அளவுப் பலகையில் கிடத்திப் படம் எடுத்து அங்கேயே விடச் செய்யுங்கள்.

கேள்வி: விரால் குஞ்சுக் கூட்டத்துக்கு மேல் வீசினால் தாய் மீன் உடனே பாய்ந்து கடிக்கும் என்கிறார்கள். வீசலாமா?

கடிக்கும், பசியால் அல்ல, காவலுக்கு. அதைத் தூக்கிவிட்டால் செக்கச்செவேலென்று மிதக்கும் அந்தக் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். எங்கள் விதிப்படி கூடாது. என்னைக் கேட்டால் அது திருட்டு என்பேன்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். முட்டிவலி, கரையில் நிற்க முடியாது. என்னால் ஆகக்கூடிய வேலை உண்டா?

சங்கத்தில் ஆள் கிடைக்காத வேலையே அதுதான் ஐயா: கணக்கு எழுதுவது. தேதி, எத்தனை தூண்டில், எத்தனை மணி நேரம், எந்த இனம், என்ன நீளம், விட்டார்களா எடுத்தார்களா, தண்ணீர் கலங்கலா தெளிவா. நேரத்தையும் எழுதுவது முக்கியம். பத்து மீன் ஒரு மணியில் வந்ததா, ஒரு நாள் முழுக்க வந்ததா என்பது வேறு வேறு செய்தி. ஒன்றுமே கிடைக்காமல் திரும்பியவர்கள் சொல்லாமல் நழுவுவார்கள். உங்கள் பழைய ஆசிரியர் குரலில் அவர்களை நிறுத்தி, சுழியம் என்று எழுதிவிட்டு அனுப்புங்கள்.