மெஹந்தி கோனைக் கடையில் திருப்பிக் கொடுக்காதீர்கள்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் அம்மா ஃபேன்ஸி ஸ்டோரில் வாங்கி வந்த மெஹந்தி கோன். அட்டையில் 'இயற்கை மருதாணி, 30 நிமிடத்தில் கருப்பு' என்று இருந்தது. நான்காம் நாள், போட்ட டிசைன் அப்படியே கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. வைத்தியத்துக்கு 14,000 ரூபாய் ஆனது, தழும்பு போகவில்லை. 'உங்க உடம்புக்கு ஒத்துக்கல' என்ற கடைக்காரர், இப்போது 'கோனைக் கொண்டு வாங்க, கம்பெனிக்கு அனுப்பி 20,000 வாங்கித் தர்றேன்' என்கிறார். அட்டையில் கம்பெனி விலாசமே இல்லை. பத்து லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?

கடைக்காரர் பேசிய பேச்சு, மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தது என்று மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வலி புரிகிறது, ஆனால் வழக்குக்கு அது உதவாது. காயத்தோடு சேர்ந்த மன உளைச்சலுக்குத்தான் நஷ்டஈடு கிடைக்கும். வழக்குக்கு உதவுவது நீங்கள் குறையாகச் சொன்ன ஒரு வரி: விலாசம் இல்லை. தயாரிப்பாளர் யாரென்றே தெரியாத பொருளை விற்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 86-வது பிரிவுப்படி விற்றவரே பொறுப்பு. கடைக்காரர் இறங்கி வருவது இதனால்தான். அந்த அட்டையை இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். அம்மா வாங்கினாலும், அவர் சம்மதத்தோடு பயன்படுத்திய நீங்களும் நுகர்வோர்தான்.

சரி, இனி நான் பயப்படும் இடம். கோனை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். என்னிடம் வந்த ஒரு பெண், கடைக்காரர் பேச்சை நம்பிக் கொடுத்துவிட்டு வெறும் போட்டோவோடு வந்தார். நுகர்வோர் ஆணையத்தில் எதிர்தரப்பு 'இது எங்கள் கடைப் பொருளே இல்லை' என்றது. அவரிடம் பில்லும் இல்லை. அதோடு முடிந்தது. மிச்சமுள்ள கோனை உறையில் போட்டு ஒட்டி, தேதி எழுதி, இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். அதே சரக்கு கடையில் இன்னும் இருந்தால், பிரிக்காத ஒன்றைப் பில்லோடு வாங்குங்கள். பிரித்த கோனை மட்டும் காட்டினால் 'நீங்களே எதையோ கலந்தீர்கள்' என்பார்கள். ஆய்வகத்துக்கு நீங்களாக அனுப்ப வேண்டாம். ஆணையமே சீல் வைத்து அனுப்பட்டும்.

இன்னொரு குழி உங்கள் மருத்துவச் சீட்டிலேயே இருக்கிறது. அதில் 'மெஹந்தி அலர்ஜி' என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியே விட்டால் எதிர்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியை வைத்தே ஜெயிப்பார்: பொருள் நல்லது, உடம்புதான் சரியில்லை. உண்மையில், நம் வீட்டில் அரைத்து வைக்கும் மருதாணிக்கு அலர்ஜி வருவது அபூர்வம். அதன் சாயம் லாசோன். அது மணிக்கணக்கில் ஊறித்தான் ஆரஞ்சில் தொடங்கிச் செம்பழுப்பாகும், அரை மணியில் கரேலென்று ஆகாது. இப்படிக் கருக்க வைப்பது பெரும்பாலும் பிபிடி எனும் பாராஃபினைலீன்டையமின், தலைமுடிச் சாயத்தில் சேர்க்கும் ரசாயனம். ஐரோப்பாவில் அதை முடிச் சாயத்தில் அளவோடு அனுமதிக்கிறார்கள், தோலில் போட அனுமதியே இல்லை. ஆகவே உங்கள் புகார் 'மருதாணி ஒத்துக்கொள்ளவில்லை' என்பதல்ல, 'மருதாணி என்று சொல்லி வேறு எதையோ விற்றார்' என்பதே. புண் நன்றாக ஆறியபின் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் (எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று தோலில் சிறிதளவு ஒட்டிப் பார்க்கும் சோதனை) பற்றிக் கேளுங்கள். பிபிடி ஒவ்வாமை என்று வந்தால் எழுதி வாங்குங்கள். அது இனி ஆயுசுக்கும் இருக்கலாம். நாளைக்கு ஹேர் டை போட்டால் முகமே வீங்கக்கூடும். பார்லரில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த நிரந்தரப் பாதிப்பையும் நஷ்டஈட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பத்து லட்சத்தை மறந்துவிடுங்கள். பில் இல்லாமல் 40 ரூபாய்க் கோனை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அலைவதை நான் சொல்ல மாட்டேன். வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, செலவான 14,000-த்துக்கு மேல் தழும்புக்கான லேசர் சிகிச்சைக்கும் சேர்த்துக் கேட்டு, சமரசமாக முடியுங்கள். பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற காகிதத்தை நீட்டினால், வருங்கால சிகிச்சைச் செலவு இதில் அடங்காது என்று எழுதச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பேச்சு முடியும்வரை கடைப் பெயரோடு வீடியோ எதுவும் போடாதீர்கள். ஆணையத்தில் புகார் கொடுப்பதற்கான இரண்டு வருஷக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது, நோட்டீஸை இந்த மாதமே அனுப்புங்கள்.