கொத்தனார் போதுமா, ஆர்க்கிடெக்ட் வேண்டுமா?

கேள்வி: மாமனார் காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு, மழைக்கு ஒழுகுகிறது, ஹாலும் சின்னது. நடுச்சுவரை எடுத்துவிட்டு மாடியில் சிமென்ட் பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார். ஆர்க்கிடெக்ட்டோ வரைபடத்துக்கே இரண்டு மாதம் கேட்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில், அந்தச் சுவரில் யாரும் கை வைக்க வேண்டாம். மெட்ராஸ் டெரஸ் என்கிற பழைய கூரையில் மரக்கட்டைகளின் மேல் செங்கற்களைக் கோணவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையால் பிடிக்க வைத்திருப்பார்கள், கட்டைகளின் பாரமெல்லாம் சுவரில்தான் இறங்கும், உங்கள் நடுச்சுவரும் அதில் ஒன்றாக இருக்கலாம். சிமென்ட் பூச்சும் வேண்டாம். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டை முனை உளுத்துப்போகும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இரண்டு மாதம் எனக்கு அதிகமாகப் படவில்லை. இந்த மாதிரி வீடுகளுக்குப் பெரும்பாலும் பிளானே இருக்காது, ஒவ்வொரு அறையாக அளந்து வரைய வேண்டும்.

சரி, ஆர்க்கிடெக்ட்டிடம் என்ன கேட்பது? கட்டடக்கலை கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். 1972 சட்டப்படி பதிவு பெற்றவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம். சுண்ணாம்பு வேலை செய்த பழைய வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். பாரம் தாங்குமா என்று கணக்குப் போடும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் ஃபீஸ் தனியா, சைட்டுக்கு எத்தனை தடவை வருவார், எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும். அப்புறம், கொத்தனாரைக் கோபித்து அனுப்பிவிடாதீர்கள், வேலை செய்யப்போவது அவர்தான், முதல் மீட்டிங்கிலேயே கூட உட்கார வையுங்கள்.