பனிக்காலத்தில் பிறந்த கன்றும் குட்டியும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மார்கழிப் பனி இறங்கியதும் வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான்: "கன்று சில்லிட்டுக் கிடக்கிறது, என்ன ஊசி போடலாம்?" பிறந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பது பாதிக் கடிதங்களில் இல்லை. உடல் சூடு எவ்வளவு என்பது முக்கால்வாசிக் கடிதங்களில் இல்லை. கீழே உடல் சூட்டை ஃபாரன்ஹீட்டிலும் ஊர்க் குளிரைச் செல்சியஸிலும் எழுதியிருக்கிறேன். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வேலூரில் ராத்திரி 20 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே போனால் அதிகம். இந்தக் குளிரிலா கன்று விறைக்கும்? (காட்பாடி)

விறைக்கும். நீங்கள் காய்ந்த சட்டையோடு நின்று கணக்குப் போடுகிறீர்கள். கன்று தாய் வயிற்றின் 102 டிகிரிச் சூட்டிலிருந்து, நனைந்த உடம்போடு மண் தரையில் விழுகிறது. அந்த ஈரம் காய்வதற்கு அதன் உடம்புச் சூடுதான் செலவாகிறது. நன்றாகக் காய்ந்து, வயிறு நிறையக் குடித்த கன்று 15 டிகிரியைத் தாங்கும். நனைந்த வெள்ளாட்டுக்குட்டிக்கு 25 டிகிரியே குளிர்தான். காற்றும் அடித்தால் கேட்கவே வேண்டாம். முதல் வேலை துடைப்பது. காய்ந்த வைக்கோலாலும் பழைய துணியாலும் முதுகு, விலா, மார்பு என்று அழுத்தித் துடையுங்கள். தாய் நக்கட்டும், தடுக்காதீர்கள். மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டுவதை இந்த வருடமாவது விட்டுவிடுங்கள்.

காதும் குளம்பும் ஐஸ் மாதிரி இருக்கின்றன. ஆனால் தெர்மாமீட்டர் 101.5 காட்டுகிறது. எதை நம்புவது? (குடியாத்தம்)

அளந்துவிட்டுக் கேட்டதற்கு நன்றி. இரண்டையுமே நம்பலாம். குளிர் பட்டதும் தோல், காது, கால் ஆகிய இடங்களின் ரத்தக்குழாய்கள் சுருங்கி, ரத்தம் நெஞ்சுக்கும் மூளைக்கும் ஒதுங்கிவிடும். சூடு வெளியே போகாமல் கன்று தானே போட்டுக்கொள்ளும் பூட்டு அது. காது சில்லென்று இருந்து ஆசனவாய்ச் சூடு 101க்கு மேல் இருந்தால் கன்று போராடிக்கொண்டிருக்கிறது, ஜெயிக்கவும் செய்கிறது. துடைத்துவிட்டு, காற்று மறைவில் வைத்து, சீம்பால் கொடுங்கள். காதும் சில்லிட்டு, சூடும் 100க்குக் கீழே வந்தால் தோற்க ஆரம்பித்துவிட்டது. வாய்க்குள் விரல் வையுங்கள். நாக்கு சில்லென்று இருந்து, விரலைச் சப்பவும் இல்லையென்றால் அவசரம். 94க்குக் கீழே போனால் மூச்சும் நாடியும் மந்தமாகிவிடும், செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறவர்களும் உண்டு. நெஞ்சில் கை வைத்துப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரில் கோடு 94லிருந்துதான் தொடங்கும். கன்று 88ல் இருந்தால் பாதரசம் அந்தக் கோட்டைத் தொடாது, எவ்வளவு கீழே என்று தெரியாது. மருந்துக்கடை டிஜிட்டல் மீட்டர் 90க்குக் கீழே எண்ணே காட்டாது. மீட்டர் கெட்டுவிட்டது என்று உதறாதீர்கள், கன்றுதான் கெட்டிருக்கிறது. இரண்டு அங்குலம் உள்ளே விட்டு, சாணத்துக்குள் குத்தாமல் பக்கச் சுவரில் படும்படி பிடியுங்கள்.

என் கன்றுக்குக் குளிர் தாக்கிவிட்டது. நல்ல மருந்து சொல்லவும். (ஊர் எழுதவில்லை)

வயசு? எடை? சூடு? எதுவும் இல்லை. மருந்தும் இல்லை.

சில்லிட்ட கன்றின் கால்களில் சூடான எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுத்தோம். கொஞ்ச நேரத்தில் தலை சாய்த்துவிட்டது. ஏன்? வாயில் கொஞ்சம் பிராந்தி விட்டிருக்கலாமா? (அணைக்கட்டு)

உடம்பு போட்ட பூட்டை நீங்கள் வெளியிலிருந்து திறந்துவிட்டீர்கள். சுருங்கியிருந்த கால் குழாய்கள் சூட்டில் விரிந்ததும், அங்கே தேங்கியிருந்த குளிர்ந்த ரத்தம் நேராக நெஞ்சுக்குத் திரும்புகிறது. விரிந்த குழாய்களில் ரத்தம் இறங்குவதால் அழுத்தமும் விழுகிறது. ஏற்கெனவே தளர்ந்த இதயம் தாங்காது. எப்போதும் நடு உடம்பு முதலில், கால்கள் கடைசியில். பெரிய அண்டாவில் 100 முதல் 104 டிகிரி ஃபாரன்ஹீட் தண்ணீர். முழங்கையை விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. கன்றைக் கழுத்து வரை இறக்கித் தலையை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். தண்ணீர் ஆற ஆறச் சூடான தண்ணீர் சேருங்கள், கன்றின் மேல் நேராக ஊற்றாமல். 101 வந்ததும் எடுத்து, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் துடைத்து, அப்புறம்தான் பால். பிறந்த உடனே வைக்கோலால் தேய்த்துத் துடைப்பது வேறு, விறைத்த கன்றின் காலைத் தேய்ப்பது வேறு.

பிராந்தி தோல் குழாய்களை இன்னும் விரித்து, மிச்ச சூட்டையும் வெளியே அனுப்பும். ரத்தச் சர்க்கரையையும் இறக்கும். அது வேண்டியது கன்றுக்கு இல்லை.

பசு கன்று போட்டு நாலு மணி நேரம் ஆகியும் நஞ்சுக்கொடி விழவில்லை. விழுந்த பிறகுதான் சீம்பால் விட வேண்டும் என்கிறார் மாமியார். கன்று நடுங்கிக்கொண்டே இருந்தது. என்ன செய்திருக்க வேண்டும்? (ஒடுகத்தூர்)

முதல் அரை மணியிலேயே கறந்து கொடுத்திருக்க வேண்டும். எத்தனை தரம் எழுதினாலும் இந்தக் கேள்வி வருடா வருடம் வருகிறது. "பனியில் போச்சு" என்று சொல்லப்படும் கன்றுகளில் பல உண்மையில் பசியில் போனவை.

கன்று பிறக்கும்போது சிறுநீரகத்தைச் சுற்றிக் கொஞ்சம் பழுப்புக் கொழுப்போடு வருகிறது. குளிர் பட்டதும் அந்தக் கொழுப்புக்கு ரத்தம் அதிகமாகப் பாயும். அது நடுக்கமே இல்லாமல் எரிந்து சூடு கொடுக்கும். நடுக்கம் தசையின் சர்க்கரையை எரிக்கும். இரண்டும் சில மணி நேரக் கையிருப்புதான். அதற்குள் சீம்பால் உள்ளே போகவில்லை என்றால் அடுப்பு அணைகிறது. இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. குளிரில் குடலுக்குப் போகும் ரத்தமும் குறைகிறது. தாமதமாகக் கொடுத்த சீம்பாலின் எதிர்ப்புச் சத்து அந்தக் குடல் வழியாக மெதுவாகத்தான் ஏறும். ஆனால் குடல் காத்திருக்காது. ஆறு மணி நேரத்துக்குப் பிறகு உறிஞ்சும் திறன் விறுவிறுவென்று குறைந்து, 24 மணியில் கதவே சாத்திவிடும்.

நஞ்சுக்கொடி சாதாரணமாகவே எட்டு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். அதுவரை கன்றைப் பட்டினி போடுவது எந்தக் கணக்கு? மடியைச் சப்பினால் பசுவின் உடம்பில் ஆக்ஸிடோசின் சுரக்கும். பாலை இறக்குவதும் அதுதான், கருப்பையைச் சுருக்கிக் கொடியைத் தள்ளுவதும் அதுதான். கறந்தால் கொடி விழாது என்பது தலைகீழான பேச்சு. 12 மணி தாண்டியும் விழவில்லை என்றால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். இழுக்காதீர்கள், கல்லோ செருப்போ கட்டித் தொங்கவிடாதீர்கள்.

அளவு: 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டர். முதல் மணி நேரத்துக்குள் ஒன்றேகால், ஆறு மணி நேரத்துக்குள் இன்னொரு ஒன்றேகால். எழுந்து நின்று தானே குடிக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஆறிய சீம்பாலைப் பாத்திரத்தோடு சுடுதண்ணீரில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். அடுப்பில் ஏற்றினால் திரிந்து, எதிர்ப்புச் சத்தும் வீணாகும். வெல்லம் போட்டுக் கிளறித் தெருவுக்கெல்லாம் கொடுக்க ஆசைதான். கன்று குடித்து மிச்சம் இருந்தால் கிளறுங்கள்.

ஆடு இரட்டைக் குட்டி போட்டால் சின்னது மட்டும் விடிவதற்குள் சாகிறது. (ஜமுனாமரத்தூர்)

மலையில் பனி அதிகம், குட்டி ஒன்றரைக் கிலோவுக்கும் கீழே. எடை குறையக் குறைய, இருக்கிற உடம்புக்குத் தோல் பரப்பு அதிகம், சூடு சீக்கிரம் போகும். பெரியது மடியைப் பிடித்துக்கொள்ளும். சின்னதுக்கு நீங்கள்தான் கறந்து ஊட்ட வேண்டும்: கிலோவுக்கு 50 மில்லி, முதல் நாளில் நாலு தடவை. குட்டியின் சூடு 102 முதல் 104 இருக்க வேண்டும்.

99க்குக் கீழே இறங்கிய குட்டியில் ஒரு வித்தியாசம் முக்கியம். பிறந்து ஐந்து மணி நேரத்துக்குள் என்றால் முதலில் சூடு, பிறகு பால். ஐந்து மணி தாண்டிவிட்டால் ரத்தச் சர்க்கரை தீர்ந்திருக்கும், சூடு மட்டும் ஏற்றினால் வலிப்பு வந்து சாகும். அதற்கு முதலில் குளுக்கோஸ் ஊசி, வயிற்றுக்குள். மருத்துவர் செய்கிற வேலை, நீங்கள் முயல வேண்டாம். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு அழையுங்கள். சப்பாத குட்டியின் வாயில் பாலை ஊற்றினால் நுரையீரலுக்குத்தான் போகும். சினையின் கடைசி ஒன்றரை மாதம் ஆட்டுக்குத் தினமும் 200 கிராம் அடர்தீவனம் கொடுத்தால் அடுத்த தடவை இந்தக் கடிதம் எழுத மாட்டீர்கள்.

கஷ்டப் பிரசவம். ஈறு நீலம், கன்று சில்லென்று இருந்தது. தலைகீழாகத் தூக்கிப் பிடித்தோம். (பேரணாம்பட்டு)

தாய் வயிற்றில் ரத்தம் நுரையீரலைச் சுற்றிக்கொண்டு குறுக்கு வழியில் ஓடும். முதல் மூச்சில் நுரையீரல் விரிந்ததும் அந்த வழி அடைபட வேண்டும். குளிரும் பிராணவாயுக் குறைவும் சேர்ந்தால் நுரையீரல் குழாய்கள் சுருங்கி, ரத்தம் பழைய குறுக்கு வழிக்கே திரும்பும். ஈறு நீலமாவது அதனால்தான். தலைகீழாகப் பிடித்தால் குடல் உதரவிதானத்தை அழுத்தி மூச்சைத் தடுக்கும். வெளியே வடியும் தண்ணீர் பெரும்பாலும் இரைப்பையில் இருந்தது. மார்பு தரையில் படும்படி நிமிர்த்தி உட்கார வைத்து, மூக்குக்குள் வைக்கோலால் குத்தித் தும்ம வையுங்கள். காதில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் விடலாம், உடனே துடைத்துவிட வேண்டும். குடத்தோடு கவிழ்ப்பது கொலை. இடது முழங்கைக்குப் பின்னால் நாடி 120 அளவில் இருக்க வேண்டும், 80க்குக் கீழே என்றால் தாமதிக்காதீர்கள்.

குளிருக்கு ராணிப்பேட்டையில் தடுப்பூசி கிடைக்குமா?

அங்கே 1932லிருந்து தடுப்பு மருந்து நிறுவனம் இருக்கிறது. நோய்க்குத் தடுப்பூசி உண்டு, பனிக்கு இல்லை.

பன்றிக்குட்டிகள் தாயோடு ஒட்டிக்கொண்டே நசுங்குகின்றன.

அவற்றுக்குப் பழுப்புக் கொழுப்பே கிடையாது. பிறந்த அரை மணியில் மூன்று, நாலு டிகிரி இறங்கிவிடும், சூடு தேடித் தாயின் வயிற்றடியில் போகும். பக்கத்தில் தாய் நுழையாத மூலையில் வைக்கோல் போட்டு, 34 செல்சியஸ் இருக்கும்படி விளக்கு தொங்கவிடுங்கள். அங்கே போய்ப் படுக்கும்.

கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி, உள்ளே வேப்பந்தழை மூட்டம் போடுகிறோம். (ஆம்பூர்)

தார்ப்பாய் சரி, கன்றின் உயரத்துக்கு மட்டும். மேலே ஒரு முழம் திறந்திருக்கட்டும். மூட்டம் வேண்டாம். அடைத்த இடத்துப் புகையின் கார்பன் மோனாக்சைடு ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கன்று சூடாக இருந்துகொண்டே மயங்கும். அரை அடி உயரத்துக்கு வைக்கோல் போடுங்கள், படுத்தால் கால் மறைய வேண்டும். கீழே கடலைத் தோல் பரப்பினால் மூத்திரத்தை உறிஞ்சும். சாக்கு போர்த்தினால் தினம் காயவைத்துப் போர்த்துங்கள், நனைந்த சாக்குக்கு வெறும் உடம்பே தேவலை.

வெளிநாட்டு வீடியோவில் கன்றின் காது பனியில் கருகி விழுகிறது. நம் ஊரிலும் நடக்குமா?

நடக்காது. பூஜ்யத்துக்கு வெகு கீழே போனால்தான் அது. இங்கே காது நுனி கருகினால் உண்ணியா, காயமா, கட்டிய கயிறா என்று பாருங்கள்.